10 × 100 பசங்களுக்குப் பழகிப்போச்சு: 200 ஃப்ரீஸ்டைலுக்குக் கஷ்டமான செட் எப்படிப் போடுறது?

வைகைக்கரை பிடி:
வணக்கம். அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு 25 மீ குளத்தில் 9 பேருக்குப் பயிற்சி நடக்குது. எல்லாரும் 13 முதல் 16 வயசு. வாரம் 5 நாள், சாயங்காலம் 5.30 முதல் 6.45 வரை, ரெண்டு லேன் கிடைக்கும். மெயின் செட் (அன்னைக்கு முக்கியமான பயிற்சி) 10 × 100 ஃப்ரீஸ்டைல், அதாவது 100 மீட்டரைப் பத்துத் தடவை, 2 நிமிஷத்துக்கு ஒண்ணு. வேகமான 5 பேரும் 1:30-ல் வந்து சேர்ந்துட்டு மிச்ச நேரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கதை பேசுறாங்க. செட் முழுசும் முடிப்பாங்க, யாரும் களைச்ச மாதிரி தெரியாது. ஆனா 200-ல் கடைசி 100 படுத்துடுது. அந்த அஞ்சு பேரில் ஒருத்தனோட கணக்கு, ஒவ்வொரு 50 மீட்டருக்கும் செகண்டில்: 35, 39, 42, 42. மொத்தம் 2:38. மத்த நாலு பேரும் கிட்டத்தட்ட இதேதான். 400 அவன் நீந்தினது 5:28.

தூரத்தைக் கூட்டவா, ரெஸ்ட்டைக் குறைக்கவா? 15 × 100 போட்டா நேரம் பத்தாது. முதலமைச்சர் கோப்பை, பள்ளி விளையாட்டு ரெண்டுக்கும் தயாராகணும்.

ஃப்ளிப்டர்ன்:
சார், தூரம் இப்போதைக்கு இருக்கட்டும். உங்க செட்டில் தோற்க வழியே இல்லை, அதுதான் சிக்கல். 1:30-ல் வந்தாலும் 1:40-ல் வந்தாலும் அடுத்தது 2:00-க்குத்தான். பையன் ஏன் உழைக்கப் போறான்?

நீங்க கொடுத்த ரெண்டு நேரமே போதும், கணக்கு போட்டுடலாம். 400-க்கு 328 செகண்ட், 200-க்கு 158 செகண்ட். வித்தியாசம் 170. அதாவது கூடுதலான 200 மீட்டருக்கு 170 செகண்ட், 100-க்கு 85. இந்த 1:25-தான் அவனோட கிரிட்டிகல் ஸ்பீடு, தொடர்ந்து தாக்குப்பிடிக்கிற வேகத்துக்கு ஏறக்குறைய மேல் எல்லை. அவன் தினம் நீந்துறது 1:30, அதுவும் 30 செகண்ட் ரெஸ்ட்டோட. எல்லைக்குப் பக்கத்தில்கூட போகலை.

மாத்த வேண்டியது: 1:25-ல் வரணும், 1:40-க்குக் கிளம்பணும், 12 தடவை. மொத்தம் 20 நிமிஷம். முதல் வாரம் 1:45 வெச்சுக்கலாம். மெதுவான நாலு பேருக்கும் தனித்தனியா 200, 400 எடுங்க. அவங்க 1:40 வேகம்னு வந்தா 10 × 100, 2:00-க்கு. அதுவும் 20 நிமிஷம், ரெண்டு லேனும் ஒரே நேரத்தில் முடியும்.

200-ஐயும் 400-ஐயும் ஒரே நாளில் அடுத்தடுத்து எடுக்காதீங்க. முதல் டெஸ்ட்டோட களைப்பு ரெண்டாவதில் ஏறிக்கும், கணக்கு பொய்யாகும். திங்கள் 200, புதன் 400. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுத்தா போதும்.

இன்னொண்ணு, ஸ்ட்ரோக் (கை வீச்சு) எண்ணுங்க. 3-வது 100-லயும் 9-வது 100-லயும் ஒரே 25-ஐ எண்ணிப் பாருங்க. 18 இருந்தது 20, 21 ஆச்சுன்னா நேரம் சரியா வந்தாலும் முழங்கை விழுந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல நீந்துறது கெட்ட பழக்கத்துக்குப் பயிற்சி. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் கிணத்தில் பழகிட்டு வர்ற பசங்ககிட்ட இதை நல்லா பார்க்கலாம். மூச்சு தாங்கும், ஆனா களைச்சதும் தலை தூக்கும், இடுப்பு முங்கும், ஸ்ட்ரோக் எண்ணிக்கை சட்டுனு ஏறும்.

தெப்பக்குளத்தான்:
மேல சொன்னது அடித்தளத்துக்குச் சரி. 35-39-42-42 நோய்க்கு அது மட்டும் மருந்து இல்லை. 1:25 வேகத்தில் எத்தனை நீந்தினாலும் ரேஸ் வேகம் உடம்புக்குப் பழகாது. அவன் 200 நீந்துறது 100-க்கு 1:19 வேகம்.

முதல்ல ரேஸையே திருத்துங்க. இலக்கு 2:32-ன்னா 36, 38.5, 39, 38.5. முதல் 50-ல் ஒரு செகண்ட் விட்டுக்கொடுத்தா கடைசி ரெண்டுலயும் சேர்த்து ஆறு ஏழு செகண்ட் திரும்பக் கிடைக்கும். 35-ல் போறது வீரம் மாதிரி தெரியும், பில்லு 150-க்கு அப்புறம் வரும்.

செட்: 50 மீ, 39 செகண்டுக்குள் வரணும், ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு. ரெஸ்ட் 21 செகண்ட்தான் மிஞ்சும். இது நீச்சல் பயிற்சி ஆய்வாளர் பிரென்ட் ரஷால் சொன்ன ரேஸ்-பேஸ் (போட்டி வேகத்திலயே பழகுற) முறை. இதில் எண்ணிக்கையை விட நிறுத்துற விதிதான் முக்கியம்:

39 தாண்டினா ஒண்ணு தப்பு. அடுத்த 50-ஐ உட்கார்ந்து விட்டுட்டுத் திரும்ப சேரணும்.
அடுத்தடுத்து ரெண்டு தப்பு, இல்லை மொத்தம் மூணு தப்பு ஆனா அன்னைக்கு செட் முடிஞ்சது. ஈஸி நீந்தப் போயிடணும்.

முதல் நாள் 8, 9-லயே சிலர் வெளியே வருவாங்க. அது தோல்வி இல்லைன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா வீட்ல போய் அழுவாங்க. முதல் தப்பு எத்தனாவதில் வந்ததுன்னு நோட்டில் எழுதுங்க. அது 9-ல் இருந்து 14, 15-க்கு நகர்றதுதான் முன்னேற்றம். 24 வரை தப்பில்லாம போனா இலக்கை 38.5 ஆக்குங்க. எண்ணிக்கையைக் கூட்டாதீங்க.

2:38 எடுத்தது 25 மீ குளத்திலா, 50-லா? இங்கே 200-க்கு 7 டர்ன் (சுவரில் திரும்புறது), வேளச்சேரி மாதிரி 50 மீ குளத்தில் 3 டர்ன்தான். நாலு டர்ன் குறையும். டர்னுக்கு முக்கால் முதல் ஒரு செகண்ட்னு வெச்சாலும் 3, 4 செகண்ட் ஏறும்.

வைகைக்கரை பிடி:
25-ல எடுத்ததுதான் சார். மூணு சந்தேகம். ஒண்ணு, குளத்தில் பேஸ் கிளாக் (நீந்துறவங்களே நேரம் பார்க்கிற பெரிய கடிகாரம்) கிடையாது, விசில்தான். 9 பேரு ரெண்டு லேனில் ஆளுக்கொரு நேரம் பார்க்கிறது நடக்குமா? ரெண்டு, இப்போ சாயங்காலம் தண்ணி 32 டிகிரி காட்டுது. மூணு, மூச்சு தாங்கணும்னு தண்ணிக்கடியில் மூச்சடக்கி 50 மீ போற செட் சேர்க்கச் சொல்லி ஒரு அப்பா கேட்கிறார்.

லேன் 4:
முதல் சந்தேகத்துக்கு மட்டும். பெரிய சுவர்க் கடிகாரம், செகண்ட் முள் நிற்காம ஓடுற ரகம் (டிக் டிக்னு தாவுற ரகம் வேண்டாம்), வாங்கி குளத்தோட ஒரு முனையில் கண்ணுக்கு நேரா சாய்ச்சு வையுங்க. செகண்ட் முள்ளில் சிவப்பு டேப் ஒட்டுங்க. பேஸ் கிளாக் வேலை முடிஞ்சது. 1:40-க்குக் கிளம்புறதுன்னா 60, 40, 20, 60-ன்னு முள் சுத்தும், ரெண்டு நாளில் பசங்களே படிச்சுடுவாங்க. நேரத்தை அவனே பார்த்து அவனே சொல்லணும், நீங்க ரெண்டு பேரை மட்டும் ஸ்டாப்வாட்ச்சில் சரிபாருங்க.

ஒருத்தர் பின்னால ஒருத்தர் 5 செகண்ட் இடைவெளியில் போனா பின்னாடி வர்றவன் முன்னாடி போறவனோட தண்ணியில் இழுபட்டு வருவான். அவன் நேரம் பாதி இரவல். 10 செகண்ட் விடுங்க. வேகமான லேனில் அஞ்சு பேரு: கடைசி ஆள் 40-ல் கிளம்புவான், 1:25 வேகத்தில் முதல் ஆள் 50 முடிச்சு 42-ல் திரும்பி வருவான். மயிரிழைதான், ஆனா இடிக்காது. ஆறாவது ஆளை அந்த லேனில் போடாதீங்க. 50 மீ ரேஸ்-பேஸ் செட்டில் முடிச்சவன் உடனே மூலைக்கு ஒதுங்கணும், அடுத்தவனுக்கு நடுச்சுவர் வேணும்.

ஏமாத்து எங்கே நடக்கும்னா: முள் 58-லயே கால் சுவரை விட்டுடும், கடைசி 5 மீ லேன் கயிறைப் பிடிச்சு இழுப்பாங்க, டர்ன் முடிஞ்ச முதல் ஸ்ட்ரோக்லயே மூச்சு எடுப்பாங்க. மூணாவதை மட்டும் திருத்தினாலே டர்னுக்குக் கொஞ்சம் மிச்சம்.

நீலக்கோடு:
மூணாவது சந்தேகத்துக்கு ஒரே பதில்: வேண்டாம் சார். அந்த அப்பாகிட்ட காரணத்தோட சொல்லுங்க. மூச்சு முட்டுற உணர்வைக் கொடுக்கிறது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுறதுதான், ஆக்சிஜன் குறையறது இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி வேகவேகமா நாலஞ்சு மூச்சு இழுத்தா கார்பன் டை ஆக்சைடு இறங்கிடும், முட்டுற உணர்வு தாமதமாகும். அதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து பையன் தண்ணிக்கடியிலயே நினைவு தப்பிடுவான். கை தூக்க மாட்டான், தவிக்க மாட்டான், நீந்திட்டு இருந்தவன் அப்படியே நின்னுடுவான். இடுப்பளவு தண்ணியிலயும் நடக்கும், நல்லா நீந்துறவனுக்கும் நடக்கும். மூச்சடக்கலைத் தண்டனையாவோ பந்தயமாவோ வைக்கவே கூடாது.

அதுக்குப் பதிலா: ஒவ்வொரு சுவரிலும் தள்ளினதும் 3 டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேர்த்து உதைக்கிறது), முதல் ரெண்டு ஸ்ட்ரோக்கில் மூச்சு கிடையாது. 8 × 50, ரெஸ்ட் 20 செகண்ட். 200-ல் 7 சுவர் இருக்கிறப்போ இதுதான் பலன் தரும். போட்டி விதிப்படி 15 மீ குறிக்குள் தலை வெளியே வரணும், பழகுறவங்களுக்கு 6, 7 மீட்டரே தாராளம்.

சூடு: வேர்ல்டு அக்வாடிக்ஸ் விதியில் போட்டிக் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி. உங்களுக்கு 32. தண்ணி இவ்வளவு சூடா இருந்தா உடம்புச் சூடு வெளியே போக வழி குறைவு. 20 நிமிஷம் தொடர்ச்சியா போற 12 × 100 மாதிரி செட்தான் இதில் அதிகம் அடிவாங்கும். பையன் சோம்பேறி ஆகலை, வெந்துக்கிட்டு இருக்கான். சித்திரை, வைகாசியில் அந்தச் செட்டை 3 × (4 × 100) ஆக உடைச்சு, நடுவில் 2 நிமிஷம் கரையேறி நிழலில் நிற்க வைங்க. காலை நேரம் கிடைச்சா அதைவிட நல்லது, ராத்திரி ஆறின தண்ணி. தண்ணிக்குள்ள வேர்க்கிறது தெரியாது, அதனால பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் லேன் முனையிலயே இருக்கட்டும். தலைவலி, குமட்டல், புல்லரிப்பு எதைச் சொன்னாலும் அன்னைக்கு செட் கிடையாது.

ஃப்ளிப்டர்ன்:
75 நிமிஷத்தைப் பிரிக்கிறதையும் சொல்லிடுறேன். வார்ம் அப் 12 நிமிஷம், டர்ன் அல்லது கிக் 15, மெயின் செட் 20 முதல் 25, கடைசி 8 நிமிஷம் ஈஸி. மிச்சம் இருக்கிறது கட்டளை சொல்றதுக்கும் கண்ணாடி மாட்டுறதுக்கும் போயிடும், எப்பவும் போயிடும். நேரம் பத்தலைன்னா மெயின் செட்டை வெட்டுங்க, ஈஸியை வெட்டாதீங்க.

கஷ்டமான நாள் வாரத்துக்கு மூணுதான்: திங்கள் 100-கள், புதன் ரேஸ்-பேஸ் 50, வெள்ளி உடைச்ச 200. செவ்வாய், வியாழன் டிரில், கிக், மத்த ஸ்ட்ரோக். 13 வயசுக்காரங்களுக்குப் பேடில் (கையில் மாட்டுற தட்டு) போடாதீங்க, தோள்பட்டை போயிடும். புல் பாய் (தொடை நடுவில் வைக்கிற மிதவை) போதும்.

வைகைக்கரை பிடி:
நன்றி சார். உடைச்ச 200-ன்னா எப்படி? மீட்டுக்கு (போட்டிக்கு) மூணு வாரம்தான் இருக்கு.

தெப்பக்குளத்தான்:
டைவ் அடிச்சு 50, சுவரில் 10 செகண்ட், 50, 10 செகண்ட், 50, 10 செகண்ட், 50. மொத்த நேரத்தில் 30-ஐக் கழிச்சுடுங்க. வாட்ச் 3:02 காட்டினா 2:32. ரெண்டு தடவை போதும், நடுவில் 8 நிமிஷம், அதில் 200 மீ ஈஸி. முதல் 50 36-க்குக் கீழ வந்தா அப்பவே நிறுத்தித் திரும்பக் கிளம்பச் சொல்லுங்க, இந்தச் செட்டே அதுக்குத்தான். ரெண்டாவது வெள்ளியில் 10 செகண்டை 5 ஆக்குங்க (அப்போ 15 கழிக்கணும்).

கடைசி வாரம் தூரத்தை மூணில் ஒரு பங்கு குறைங்க, வேகத்தைக் குறைக்காதீங்க. ரேஸ்-பேஸ் 50 எட்டோட நிறுத்தலாம். மீட் 50 மீ குளத்தில்னா ஒரு நாளாவது 50 மீ குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. 25-ல பழகினவனுக்கு 30 மீட்டர்லயே கை சுவரைத் தேடும்.