மதர்போர்டு மாற்றினீர்களா? பழைய ஃபைல்கள் தப்பித்த கதையைச் சொல்லுங்கள்

இரவுப்பறவை:
போர்டு செத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும், பவர் சப்ளையை மாற்றியும் அதேதான். எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது, ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சர்வீஸ்காரர் உறுதியாகச் சொன்னார். புது போர்டில் அதே எஸ்எஸ்டியை மாட்டி ஆன் செய்தால் நீலத் திரை, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்கிறது, 48 இலக்கம்! நான் பிட்லாக்கர் பக்கமே போனதில்லை. "நீங்கதான் சார் ஏதோ லாக் போட்டிருக்கீங்க" என்கிறார் அவர். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே விண்டோஸ் பென்டிரைவைச் செருகிவிட்டு, "ஃபார்மேட் அடிச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே விரலை என்டர் கீ மேல் வைத்திருக்கிறார். அந்த விரல்தான் இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான். மொபைலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தக் கீ அங்கேயே சேமிக்கப்பட்டிருந்தது. நான் கேட்காமலே பூட்டி, நான் கேட்காமலே சாவியையும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பழையபெட்டி:
சர்வீஸ்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து விண்டோஸ் 11 அமைத்தால் பல கணினிகளில் என்கிரிப்ஷன், அதாவது இந்த டிஸ்க் பூட்டு, தானாகவே ஆன் ஆகிவிடும், 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான கணினிகளில். டிரைவைத் திறக்கும் ரகசியத்தை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் வைத்திருக்கிறது, போர்டு மாறினால் புதிய டிபிஎம்முக்கு அது தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வந்த வினை வேறு. இரண்டு ஹார்டு டிஸ்க், பழைய போர்டின் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் சொந்த செட்டிங்) ரெய்டு 0 போட்டது, அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்காக வேலை செய்யும். புது போர்டில் மாட்டினால் இரண்டும் தனித்தனி டிஸ்க்காக வந்து நின்றன, விண்டோஸோ "இனிஷியலைஸ் செய்யவா?" என்று மரியாதையாகக் கேட்கிறது. ஓகே கொடுக்கவில்லை. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தபோது அது இன்டெல் ரெய்டு என்று தானே கண்டுபிடித்து இரண்டையும் சேர்த்துக் காட்டியது. உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி.

ஸ்க்ரூ_எங்கே:
என்னுடையது சின்ன அனுபவம். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் திறந்தால், என் சொந்த ஃபோல்டருக்கே அனுமதி இல்லை என்றது. கன்டினியூ கொடுத்து விட்டுவிட்டேன், நிறைய நேரம் பச்சைக் கோடு ஓடி, பிறகு திறந்தது. அதுவரை மூச்சே விடவில்லை.

தெரிந்தவர்:
எல்லோரும் ஒன்றைக் கவனியுங்கள். போர்டு மாற்றும் முன்பே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் காப்பி எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் புது போர்டு. இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க் கணினிக்குள்ளேயே இருக்கக் கூடாது, தப்பான டிரைவில் கை பட்டால் போச்சு. பழைய விண்டோஸே பூட் ஆக வேண்டும் என்றால் பயாஸில் சேட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள், ரெய்டு இருந்த இடத்தில் ஏஹெச்சிஐ என்ற வேறு முறை வந்தால் நீலத் திரைதான், ஃபைல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டதா, யூஇஎஃப்ஐ என்ற புது முறையிலா என்பதும் முக்கியம். ஃபைல் ஐகானில் பூட்டு தெரிந்தால் அது இஎஃப்எஸ், அதாவது ஃபைலைத் தனியாகப் பூட்டும் விண்டோஸ் வசதி, அதன் சர்டிஃபிகேட் இல்லாமல் திறக்காது. "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் சொன்னால் கேன்சல் கொடுங்கள். டிஸ்க்கில் சந்தேகம் இருந்தால் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள், முதலில் முழு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அப்படியே ஒரு நகல், எடுங்கள். பிட்லாக்கர் கீயை இன்றே பேப்பரில் பிரின்ட் எடுத்து வையுங்கள். என் கணினியில் இதுவரை போர்டு போனதில்லை.

பழையபெட்டி:
அதுதானே பார்த்தேன். சொன்னது எல்லாம் சரி, ஆனால் இங்கே கேட்டது அனுபவம். அதோடு "முதலில் வேறு கணினியில் மாட்டி" என்கிறீர்களே, வீட்டில் ஒரே ஒரு கணினி இருப்பவர் எங்கே போய் மாட்டுவது?

கழுத்துவலி:
நீங்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவர்கள், கழற்ற ஒரு டிஸ்க்காவது இருந்தது. என் லேப்டாப்பில் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. அது எனக்குத் தெரியவந்ததே, போர்டு மாற்றித் தந்த பிறகு ஆன் செய்து, "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று புத்தம் புதுக் கணினி மாதிரி கேட்டபோதுதான். பழைய போர்டைக் கேட்டேன். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், சர்வீஸ் ஃபார்மில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறதே என்றார்கள். போட்டுத்தான் இருந்தது. தெரிந்தவர் சார், இதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?

தெரிந்தவர்:
கிளவுடில் ஏதாவது சிங்க் ஆகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வழியில்லை.