பழைய போர் விமானங்களில் ‘சர்வைவர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,
ஆஸ்திரேலிய வான்படையின் பழைய விமானங்களில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ‘சர்வைவர்’ (survivor, அழியாமல் மிஞ்சியது) வருகிறது. கான்பெரா போர் நினைவகத்தில் நிற்கும் ஏ20-103 என்ற எண் கொண்ட விர்ரவே வகை விமானம், 1942 டிசம்பர் 26 அன்று நியூகினியின் கோனா அருகே ஜப்பானியப் போர் விமானத்தை வீழ்த்தியது, அதுவும் சர்வைவர். நியூகினிக் காட்டில் நொறுங்கிக் கிடக்கும் உடற்பகுதியும் சர்வைவர். ‘உயிர்பிழைத்த விமானம்’ என்று எழுத மனம் ஒப்பவில்லை.

மறுமொழி:
‘எச்சம்’ இருக்கக் கவலை எதற்கு? அஞ்சு – அச்சம், மிஞ்சு – மிச்சம், எஞ்சு – எச்சம். வள்ளுவர் ‘எச்சத்தாற் காணப்படும்’ என்றாரே. ‘எச்ச வானூர்தி’ என எழுதுங்கள். விமானம் வடசொல், விட்டுவிடுங்கள்.

மறுமொழி:
ஐயா, எச்சம் என்றால் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். கோயில் விமானத்தையே விமானம் என்று சொல்லும் மக்களிடம் அந்தச் சொல்லைப் பிடுங்குவானேன்? ‘எஞ்சிய விமானம்’ போதும்.

மறுமொழி:
போதாது. ‘எஞ்சிய ஐந்து விமானங்கள்’ என்றால் ‘மற்ற ஐந்து’ என்றுதான் படிப்பார்கள். வினைத்தொகையாக்கி ‘எஞ்சுவிமானம்’ என்போம். எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என முக்காலமும் அடங்கும்.

மறுமொழி:
சொல்லுக்கு முன் எதை எண்ணுகிறோம் என்று தெளிவாக வேண்டும். மெல்பர்னில் பூமராங் விமானங்கள் 250 கட்டினார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவை பழைய இரும்புக் கணக்கில் போயின. இன்று மீட்பவர்கள் ஒன்றின் உடலில் இன்னொன்றின் இறக்கையைப் பொருத்துகிறார்கள். நினைவகத்திலுள்ள போஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் ஏ9-557 நியூகினியிலிருந்து கொண்டுவரப்பட்டது. பிற விமானங்களின் பாகங்களும் சேர்ந்துதான் முழு உருவம் பெற்றது. இப்படிப்பட்டவற்றில் எந்த எண்ணைப் பதிவது? வான்படையின் இ/இ.88 நிலை அட்டையைப் பார்க்க வேண்டும். விமானம் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எங்கே விபத்துக்குள்ளானது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் குறிப்பு உண்டு. உடற்பகுதியின் எண்ணுக்கும் அட்டைக்கும் இடையே தொடர்ச்சி இருந்தால் அந்த எண்ணைத் தரலாம். இல்லையென்றால் அது ‘ஒட்டுவிமானம்’. இந்த இரண்டு வகையையும் ஒரே சொல்லால் குறித்தால் பின்னால் வருபவர் ஏமாறுவார்.

மறுமொழி:
‘ஒட்டு’ மாங்கன்றுக்கு. ‘கூட்டுருவிமானம்’ என்றால் என்ன?

மறுமொழி:
அதை யார் வாயால் சொல்வது?

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. எனக்குப் பொருத்தமாகப் படுவதால் ‘எஞ்சுவிமானம்’ என்றே போடுகிறேன்; முதல் முறை வரும்போது அடிக்குறிப்பில் விளக்கிவிடுவேன். நிலை அட்டையைப் பற்றிய பத்தியையும் சேர்க்கிறேன். பாகங்கள் கலந்தவற்றை இப்போதைக்கு ‘பல விமானப் பாகங்களால் ஆனது’ என்று விரித்தே எழுதுகிறேன்.

மறுமொழி:
அடிக்குறிப்பில் ‘எச்சம்’ என்பதையும் சேருங்கள். நான் இன்னும் உடன்படவில்லை.