‘ஷிங்கிள்டு’ வன்வட்டுக்கு என்ன சொல்லலாம்? ‘ஓட்டுப் பதிவு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் வீடுகளுக்கான நம் கோப்புச் சேவையகக் கையேட்டில் வட்டு வாங்கும் பகுதி ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எஸ்எம்ஆர் (ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங், வன்வட்டில் தரவு எழுதும் ஒரு முறை) என்பதில் வரும் ‘ஷிங்கிள்டு’தான் அது. கூரை ஓட்டை நினைத்து வரைவில் ‘ஓட்டுப் பதிவு’ என்று போட்டிருக்கிறது. படிக்கிறவர் நேரே வாக்குச்சாவடிக்குப் போய்விடுவார். ‘அடுக்குப் பதிவு’ம் சரிவராது. எல்லா வன்வட்டிலும் தட்டுகள் அடுக்கித்தான் இருக்கின்றன. இங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது ஒரே தட்டில் உள்ள தடங்கள், அதாவது தரவு எழுதப்படும் வட்டக் கோடுகள்.

எழுதும் தலை அகலமானது, படிக்கும் தலை குறுகியது. அதனால் ஒரு தடத்தின் ஓரத்தை மூடியபடி அடுத்ததை எழுதினாலும், மிஞ்சும் கீற்றைப் படித்துவிடலாம். அதே பரப்பில் கூடுதல் தடங்கள் கொள்ளும். ஆனால் நடுவில் ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடம் அழியும். எனவே 4 கேபி மாற்றத்துக்குக்கூட ஒரு பட்டை (சேர்ந்திருக்கும் தடங்களின் தொகுதி) முழுவதையும், சில வட்டுகளில் 256 எம்பி, படித்துத் திரும்ப எழுத வேண்டும். இந்தத் தொல்லை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

— தெம்பனிஸ்

—————

> இந்தத் தொல்லை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது

‘செதில் பதிவு’ எப்படி? தேக்கா சந்தையில் மீன் ஆய்வதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

கையேட்டில் இன்னொன்றையும் சேருங்கள். காலியான புது வட்டில் ஒரு பெரிய கோப்பை நேராக எழுதிச் சோதித்தால் எஸ்எம்ஆர் பிடிபடாது, வேகம் நன்றாகவே வரும். வட்டுக்குள் சாதாரண முறையில் எழுதும் இடைத்தேக்கப் பகுதி ஒன்று உண்டு. சிறுசிறு துண்டுகளாக, சிதறலாக, நெடுநேரம் எழுதி அது நிரம்பினால்தான் வேகம் சரியும். வட்டு வேகத்தைச் சோதிக்கும் ஃபியோ கருவி இதற்குப் போதும். வட்டின் விவரம் காட்டும் எச்டிபார்ம் கட்டளை தருவதில், சுழலும் வட்டு ‘டிரிம்’ (அழித்த இடம் எது என்று வட்டுக்குச் சொல்வது) ஏற்பதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்; அது சுழலாத எஸ்எஸ்டிக்கு உரிய கட்டளை.

— ஈசூன்

—————

செதில் அழகான சொல்தான் அண்ணே. ஆனால் ‘செதில் வட்டு’ என்றால் தட்டின் பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டதோ என்று வாங்குகிறவர் பயந்துவிடுவார்.

என் முன்மொழிவு: வேய்தடம். ஓடு வேய்ந்த கூரையில் நடு ஓடு உடைந்தால் அதன்மேல் படிந்திருக்கும் ஓடுகளை நகர்த்தாமல் மாற்ற முடியாது. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளை அண்ணாந்து பார்த்தால் போதும். பட்டையைத் திரும்ப எழுதுவதும் இதே கதைதான்.

எதிர்ப்பதமான சிஎம்ஆருக்கு (கன்வென்ஷனல் மேக்னடிக் ரெக்கார்டிங்) ‘வழக்கமான பதிவு’ என்பது சோம்பேறித்தனம். நாளைக்கு வழக்கம் மாறும். ஒன்றை ஒன்று மூடாதது என்பதால் தனித்தடம். வேய்தட வட்டு, தனித்தட வட்டு: விலைப்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் குழப்பம் வராது.

— உட்லண்ட்ஸ்

—————

‘வேய்’ என்றால் மூங்கில் ஆயிற்றே?

— ஈசூன்

—————

மூங்கிலாக இருந்தால் வேய்ங்குழல்போல மெல்லொற்று வந்திருக்கும். இது வினைத்தொகை, சுடுசோறு மாதிரி, ஒற்று மிகாது. ‘வேய்த்தடம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

— உட்லண்ட்ஸ்

—————

ஏற்கிறேன். திருத்திய பத்தி:

“ரெய்டில் (ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி பல வட்டுகளைச் சேர்த்த அமைப்பு) போடுவதற்குத் தனித்தட வட்டு மட்டும் வாங்குங்கள். 4 டிபி தனித்தட வட்டு, நொடிக்கு 150 எம்பி வேகத்தில், ஏழரை மணி நேரத்தில் நிரம்பும். வேய்தட வட்டில் மறுகட்டல் (பழுதான வட்டுக்குப் பதில் போட்ட புதியதில் தரவை மீண்டும் நிரப்புவது) நாட்கணக்கில் இழுக்கலாம். இடையில் வட்டு பதில் சொல்லத் தாமதித்தால் (லினக்ஸ் இயல்பாக 30 நொடி காத்திருக்கும்) அது பழுது என்று விலக்கப்படலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் புகலறையில், அதாவது தடித்த சுவருள்ள பாதுகாப்பு அறையில், சேவையகப் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினால் அத்தனை நாளும் வட்டு சூட்டில் வேகும். எப்போதாவது ஒருமுறை நகலெடுத்து எடுத்துவைக்க வேய்தட வட்டு தாராளமாகப் போதும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ‘4 டிபி நாஸ்’ (நாஸ் என்பது வலையமைப்புச் சேமிப்பகம்) என்ற விலைச்சீட்டை நம்பாமல், உறையில் உள்ள முழு மாதிரி எண்ணைத் தயாரிப்பாளர் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான வட்டுகள் சில, சொல்லப்படாமலே வேய்தடமாக இருந்தது வெளிவந்தது. மாதிரி எண் இ-எஃப்-ஏ-எக்ஸ் என்ற எழுத்துகளில் முடிந்தால் தவிர்க்கவும்.”

— தெம்பனிஸ்

—————

கடைசி வரியை எடுத்துவிடுங்கள் ஐயா. அதே எழுத்துகளில் முடியும் 8 டிபி ரெட் வட்டு தனித்தடம்தான். எழுத்தை வைத்துத் தீர்மானிக்கச் சொன்னால் நல்ல வட்டையும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவார்கள்.

— ஈசூன்