மின்சாரமும் வங்கியும் ஒருசேர நின்றுபோனால்?

கேள்வி:
விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, மின்சாரமும் குழாய் நீரும் வாரக்கணக்கில் நின்றுபோகும் நிலை வந்தால், முதியவர் ஒருவரும் கைக்குழந்தையும் உள்ள ஐந்து பேர் குடும்பம் எதிலிருந்து ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும்?

மறுமொழி 1:
தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என்று வைத்தால், உங்கள் ஐவருக்கும் இரண்டு வாரத்துக்கு 280 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் பதினான்கு தேவைப்படும். கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதித்தபின் 1 நிமிடம் அடுப்பிலேயே விட்டால் கிருமிகள் அழியும். ஆனால் ரசாயனக் கலப்பு நீங்காது என்பதை மறக்க வேண்டாம்.

மறுமொழி 2:
பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது, அட்டை இயந்திரம் இயங்காத கடையில், பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்லையென்று பால்மாவு வாங்காமல் திரும்பினேன். அன்று முதல் சிறிய நோட்டுகளாகவே ஒரு பங்கு வீட்டில் வைத்திருக்கிறேன். முதியவரின் மருந்து ஒரு மாதத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

மறுமொழி 3:
மூடிய அறைக்குள் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ தயவுசெய்து இயக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவர்கள் அறியாமலே இறந்துவிடுவார்கள்.