ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரே: முகப் பராமரிப்பில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

கோண்டாவில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பலாலி வீதி வழியாக நகரத்திற்கு வேலைக்குச் சென்று வரும் எனக்கு, தலைக்கவசத்தின் வார் உரசும் நாடிப் பகுதியிலும் நெற்றி ஓரத்திலும் ஓயாமல் பருக்கள் வருகின்றன. தோல் வைத்தியர் எழுதித் தந்த அடபலீன் ஜெல்லை இரவிலும், விற்றமின் சி சீரத்தையும் சன்ஸ்கிரீனையும் காலையிலும் பூசுகிறேன். முன்பைவிடக் குறைந்திருந்தாலும், வெக்கை கூடிய நாட்களில் பருக்கள் மீண்டும் தலைகாட்டுகின்றன.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரேயைப் பயன்படுத்திப் பலன் கண்டதாகச் சொல்லி, அடுத்த கப்பல் பெட்டியில் எனக்கும் வைத்து அனுப்புவதாகக் கூறுகிறார். இதை எப்போது அடிக்க வேண்டும், நான் ஏற்கெனவே பூசுபவற்றோடு இது ஒத்துப்போகுமா என்பதை அறிய விரும்புகிறேன். "கிணற்றுக்குப் போடுகிற குளோரினையா முகத்தில் அடிக்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்கிறார். அவருக்கும் தெளிவான பதில் ஒன்று வேண்டும்.

மானிப்பாய் மருந்தாளர்

வணக்கம் தங்கச்சி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பருக்களுக்கு மருந்து அடபலீன்தான், இந்த ஸ்பிரே அதற்குத் துணை மட்டுமே. முகப்பரு, தலைப்பொடுகோடு வரும் தோல் அழற்சி, எக்ஸிமா அரிப்பு ஆகியவற்றில் இது உதவுவதாகக் காட்டும் ஆய்வுகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் சிறியவை. அடபலீனுக்கோ, இன்னொரு முகப்பரு மருந்தான பென்சோயில் பெராக்சைட்டுக்கோ உள்ள அளவு சான்று இதற்கு இல்லை. ஆகவே இதை நம்பி ஜெல்லை நிறுத்திவிட வேண்டாம்.

இதை அடிப்பதற்கு மிகப் பொருத்தமான நேரம், நீங்கள் மாலையில் வீடு திரும்பி முகம் கழுவிய உடனேயே ஆகும். மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வெறும் தோலின் மீது நேரடியாக அடித்து, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். பலர் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறார்கள். ஆனால் இந்த அமிலம் எதிர்ப்படும் பஞ்சு, எண்ணெய் போன்ற சேதனப் பொருள் எதனோடும் தாக்கமடையக் கூடியது என்பதால், அதன் ஒரு பகுதி பஞ்சிலேயே வீணாகிவிடும். நன்றாகக் காய்ந்த பின்னர் ஈரப்பதன் கிறீமையும், உறங்கப் போகும் முன் அடபலீனையும் பூசலாம். பென்சோயில் பெராக்சைட் போன்ற வலிய ஒட்சியேற்றியோடு (இந்த ஸ்பிரேயைப் போலவே மற்றப் பொருட்களைத் தாக்கிச் சிதைக்கக் கூடியது) ஒரே குழாயில் சேர்த்தே அடபலீன் விற்கப்படுகிறது என்பதால், காய்ந்துபோன ஸ்பிரேயால் அதற்குக் கேடு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அடபலீனின் இனத்தைச் சேர்ந்த பழைய வகை மருந்தான ட்ரெட்டினோயின் பூசுபவர்கள் மட்டும் இரண்டையும் வெவ்வேறு வேளைகளுக்குப் பிரித்து வைப்பது நல்லது.

விற்றமின் சி விடயம் வேறு. அது ஒட்சியேற்ற எதிரி, இந்த ஸ்பிரே ஒட்சியேற்றி; ஈரமாக ஒன்றின் மேல் ஒன்று பட்டால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். விற்றமின் சி காலையில், ஸ்பிரே மாலையில் என்று வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை.

கொக்குவில் இரசாயனவியல் ஆசிரியர்

அம்மாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. மழை வெள்ளத்தின் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்கு இடும் குளோரின் தூள் நீரில் கரையும்போது, கிருமிகளைக் கொல்லும் வேலையில் பெரும் பங்கைச் செய்வது இந்த ஹைப்போகுளோரஸ் அமிலமேதான். நம் உடலிலும், வெண்குழியங்களுள் ஒரு வகை, தான் விழுங்கிய பற்றீரியாக்களைக் கொல்வதற்கு ஐதரசன் பரஒட்சைட்டையும் குளோரைட்டையும் சேர்த்து இதே அமிலத்தை ஆக்குகிறது. எனவே பொருள் ஒன்றுதான். செறிவும் அமிலத்தன்மையும்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

பி.எச். பெறுமானம் (அமில, காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறத்தாழ 5 ஆக உள்ள கரைசலில் குளோரின் அநேகமாக முழுவதும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவே இருக்கும். 7.5 அளவில் பாதி, அந்த அமிலத்தின் கார வடிவமான ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடும். வீட்டில் துணிக்கும் தரைக்கும் பாவிக்கும் வெளிற்றும் திரவத்தின் பி.எச். 11க்கு மேல் இருப்பதால் அதில் முழுவதும் ஹைப்போகுளோரைட்டே உள்ளது. தோலை எரிப்பதற்கு அந்தக் காரத்தன்மையும் ஒரு காரணம். முகத்துக்கான ஸ்பிரேயின் செறிவு பொதுவாக 0.01 முதல் 0.02 சதவீதம், வெளிற்றும் திரவமோ 5 சதவீதத்தை ஒட்டியது, அதாவது 250 முதல் 500 மடங்கு. அதைத் தண்ணீர் விட்டு ஐதாக்கி, தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ சேர்த்து வீட்டிலேயே ஸ்பிரே செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அமிலம் சேர்ந்து பி.எச். கீழிறங்கினால் குளோரின் வாயு வெளிவரும். பூட்டிய குளியலறையில் அது நுரையீரலைப் பாதிக்கும்.

எனக்குள்ள பெரிய கவலை கப்பல் பெட்டியைப் பற்றியது. இந்த அமிலம் ஒளியிலும் வெப்பத்திலும் சிதைந்து குளோரைட்டு, குளோரேற்று, ஒட்சிசன் என்று பிரிந்துபோகும் ஒன்று. வாரக்கணக்கில் கொள்கலனுக்குள் வெந்து, பின்னர் கொழும்பில் காத்திருந்து, நம் வீட்டு வாசலுக்கு வரும் போத்தலில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. சற்றே உப்புக் கலந்த தண்ணீரை நீங்கள் நம்பிக்கையோடு அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். நீச்சல் தடாகங்களுக்குப் பாவிக்கும் குளோரின் சோதனைத் தாள்களில் பெரும்பாலானவை பத்து இலட்சத்தில் 10 பங்கு வரையே காட்டும். ஸ்பிரேயிலோ 100 முதல் 200 பங்கு இருக்க வேண்டும். ஆகவே 1 மில்லிலீற்றர் ஸ்பிரேயை 49 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில், அதாவது பற்றரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் அந்தத் தண்ணீரில் கலந்து, தாளைத் தோய்த்துப் பாருங்கள். 2 முதல் 4 பங்குக்குரிய நிறம் வந்தால் போத்தலில் உயிர் இருக்கிறது. கிணற்று நீரில் கலக்க வேண்டாம். அதிலுள்ள பொருட்களே குளோரினில் ஒரு பங்கை உண்டுவிடும். எஞ்சியது அமிலமா ஹைப்போகுளோரைட்டா என்று இந்தத் தாள் பிரித்துச் சொல்லாது என்றாலும், போத்தல் வெறுமையாகிவிட்டதா என்பதற்கு இது போதும்.

சவர்க்காரம் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வரும் நம் கிணற்று நீரில் சாதாரணச் சவர்க்காரம் சரியாக நுரைக்காமல், கல்சியத்தோடு சேர்ந்து தோலில் மெல்லிய படிவாகத் தங்கிவிடும். அந்தப் படிவின் மீது ஸ்பிரே பட்டால், தோலை அடையும் முன்னரே அதன் ஒரு பகுதி செலவாகிவிடும். கடின நீரிலும் படிவு விடாத, சவர்க்காரம் சேராத முகம் கழுவும் திரவத்துக்கு முதலில் மாறிப் பாருங்கள். ஸ்பிரே வருவதற்கு முன்பே வேறுபாடு தெரியக்கூடும்.

கோண்டாவில் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பொருள் ஒன்றுதான் என்று ஆசிரியர் எழுதியிருந்தது அவருக்கு நிறைவைத் தந்தது. பெட்டியில் வைக்க வேண்டாம், ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கைப்பொதியில் கொண்டு வாருங்கள் என்று மச்சாளுக்கு எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு விடயங்கள்: மதிய வேளையில் அலுவலகத்தில், சன்ஸ்கிரீன் பூசிய முகத்தின் மேல் இதை அடிக்கலாமா? என் தம்பிக்கு முதுகிலும் நெற்றியிலும் ஒரே அளவிலான சிறு புடைப்புகள் அரிப்போடு வருகின்றன, அவனும் பயன்படுத்தலாமா?

மானிப்பாய் மருந்தாளர்

மதியத்தில் அடித்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, பலன்தான் குறைவு. சன்ஸ்கிரீனும் வேர்வையும் எண்ணெயும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், சன்ஸ்கிரீனும் ஆங்காங்கே கரைந்து போகலாம். வார் உரசும் நாடிப் பகுதியை மட்டும் தண்ணீரால் கழுவி, ஒற்றி, அங்கே மட்டும் அடித்து, காய்ந்ததும் சன்ஸ்கிரீனை மறுபடி பூசுங்கள். வாரையும் கிழமைக்கு ஒரு முறையாவது கழுவிக் காய விடுங்கள், ஏனெனில் உரசலும் அழுக்கும் நீங்காமல் எந்த ஸ்பிரேயும் அந்த இடத்தை ஆற்றாது. மிச்சத்தை மூடியை இறுக்கி, ஒளி புகாத அதே போத்தலில், யன்னலோரத்திலிருந்து விலக்கி வையுங்கள். அழகுக்காக வேறு கண்ணாடிப் போத்தலுக்கு மாற்ற வேண்டாம்.

தம்பியின் விடயத்தில் ஸ்பிரேயைக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே அளவில், அரிப்போடு, வேர்க்கும் இடங்களில் வரும் புடைப்புகள் பல வேளைகளில் பருவே அல்ல, மயிர்க்கால்களில் பெருகும் மலசீசியா என்ற மதுவ வகைப் பங்கசு. அப்படியானால் அதற்குப் பங்கசு எதிர்ப்பு மருந்து வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். போகும்போது தம்பி இதுவரை பூசிய கிறீம்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். கடைகளில் கிடைக்கும் ஸ்டீரொய்ட் கலந்த கிறீம்களைப் பூசியிருந்தால், வைத்தியருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.