இளம்பெண்களின் மாரடைப்பு: ‘உள்ளுரிவு’ என்ற சொல் பொருந்துமா?

வணக்கம்.

இராமநாதபுரம் கடலோரக் கிராம சுகாதார செவிலியர்களுக்கான கையேட்டில், டாக்டர்கள் ‘ஸ்கேட்’ (SCAD, spontaneous coronary artery dissection) என்று சுருக்கிச் சொல்லும், இதயத்தமனிச் சுவரின் அடுக்குகள் தானே விலகும் நோய்க்குத் தமிழில் என்ன பெயர் போடுவது? இதுவரை வந்தவை வெடிப்பு, கிழிவு, சிதைவு, பிரிவு. நான்குமே சரிப்படாது என்பது என் கருத்து.

இதயத்தமனியின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். சுவரில் மூன்று அடுக்குகள். உள்ளடுக்கில் கீறல் விழுந்து ரத்தம் சுவருக்குள் புகலாம்; கீறலே இல்லாமல், சுவருக்குள் ஓடும் நுண்குழாய் கசிந்தும் ரத்தம் கட்டலாம். எப்படி ஆனாலும் அடுக்குகள் விலகி, நடுவில் கட்டிய ரத்தம் உள்ளடுக்கைத் தள்ளி, ஓட்டத்தை நெருக்கிவிடும். கொழுப்புப் படிவுக்கு இதில் வேலை இல்லை. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத நாற்பது வயதுப் பெண்ணுக்கும் இது வருவது அதனால்தான். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பேறுகாலத்தை ஒட்டி வரும் மாரடைப்புக்கு முதன்மைக் காரணமும் இதுவே.

வெடிப்பு என்றால் ரத்தம் வெளியே கொட்டியதாக ஆகும். அப்படி நடப்பது மிக அரிது. கிழிவும் உதவாது: ஆன்ஜியோவில் (தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்) அதிகம் தென்படுவது இந்நோயின் இரண்டாம் வகை. அதில் கிழிசல் கோடே தெரியாது, தமனி நீளமாக, வழவழப்பாகச் சிறுத்திருக்கும். பெயரில் கிழிவு இருந்தால் படத்தில் அதைத் தேடி, காணோம் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்ற பெண்ணின் சீட்டில் ‘சிதைவு’ என்று எழுதினால் கருச்சிதைவு என்றே படிப்பார்கள். ‘இதயத்தமனிப் பிரிவு’ ஆஸ்பத்திரி வார்டு பெயர்ப்பலகை போல இருக்கிறது.

என் பரிந்துரை, உள்ளுரிவு. பனைமட்டையில் நார் உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: மட்டை முறியாது, அடுக்கு மட்டும் விலகும். கீறல் உண்டா இல்லையா என்பதில் சொல் தலையிடாமல் இருப்பதும் நல்லது.

—

பதில்: டாக்டர், நீங்கள் சொன்ன உள்ளுரிவை ஏற்கிறேன். முன்னொட்டில்தான், அதாவது ‘ஸ்பான்டேனியஸ்’ என்பதற்கான சொல்லில்தான், சிக்கல். ‘தன்னிச்சை’ வேண்டவே வேண்டாம், அந்தப் பெண் தானாக வரவழைத்துக்கொண்டது போல ஒலிக்கிறது. ‘திடீர்’ நேரத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இங்கே சொல்லவேண்டியது அடிபட்டோ, கதீட்டர் குத்தியோ வரவில்லை என்பது. அதனால் ‘தன்னெழு இதயத்தமனி உள்ளுரிவு’ என்று வைக்கலாம். பெருஞ்சுமை தூக்கிய பின், மூச்சை அடக்கி முக்கிய பின், கடுந்துக்கத்துக்குப் பின் வருவது பதிவாகியிருக்கிறது. அதையும் எழுதுவோம், ஆனால் பாசி எடுக்க மூழ்கும் மண்டபம், சின்னப்பாலம் பெண்களின் தொழில்மேல் பழிவிழும்படி எழுதக்கூடாது.

சிகிச்சைப் பத்தியில் இன்னும் கவனம் வேண்டும். அடைப்பு என்றதும் ஸ்டென்ட் கேட்பார்கள். இங்கே ஸ்டென்ட் வைக்கச் செலுத்தும் கம்பி, அடுக்குகளுக்கு நடுவே உண்டான பொய்வழிக்குள் நுழைந்துவிடலாம். பலூன் ஊதினால் கட்டிய ரத்தம் சுவரோடு மேலும் கீழும் நகர்ந்து உரிவு நீளும். வலி நின்று, ஓட்டமும் நிலையாக இருந்தால் தொடாமல் விடுவதே வழக்கம். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே ஆறிவிடும். முதல் சில நாட்களில் உரிவு நீளக்கூடும் என்பதால் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். தலை, கழுத்து, சிறுநீரகத் தமனிகளையும் ஸ்கேன் செய்ய வேண்டும். தமனிச் சுவரின் தசையும் நாரும் தாறுமாறாக வளரும் கோளாறு அங்கே இருக்கலாம்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி சுவருக்குள் கசிவைக் கூட்டக்கூடும் என்பது உண்மை. ஆனாலும் ‘ஊசி போடாதீர்கள்’ என்று கையேட்டில் போடவே கூடாது. ஆன்ஜியோ இல்லாமல் இதைப் பிரித்தறிவது கடினம். அந்த முடிவு டாக்டருடையது.

செவிலியருக்கு வேண்டிய வரி இதுதான்: “நெஞ்சை அடைக்கிறது, தாடையோ இடதுகையோ இழுக்கிறது, வேர்க்கிறது என்று எந்த வயதுப் பெண் சொன்னாலும், பிள்ளை பெற்றவளே ஆனாலும், வாயுப்பிடிப்பு என்று அனுப்பாதீர்கள். 10 நிமிடத்துக்குள் இசிஜி. அது சரியாக இருந்தாலும் இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, சில மணிநேரம் கழித்து மறுபடியும். அந்த வசதி இல்லாவிட்டால் காத்திருக்காமல் 108.”

பரிந்துரைச் சீட்டில் உள்ளுரிவுக்குப் பக்கத்திலேயே ‘ஸ்கேட்’ என்றும் எழுதட்டும். மதுரை ஆஸ்பத்திரியில் சீட்டை வாங்குபவருக்கு நம் சொல் பழக நாளாகும்.