சாலை மண் ஆய்வில் இன்றும் உறுத்தும் அனுபவம் உண்டா?

தளப்பொறியாளர்:
கோடையின் உச்சத்தில் கரிசல் நிலம் ஒன்றில் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். கடப்பாரை துள்ளி எழும் அளவுக்கு மண் இறுகிக் கிடந்ததால், ஊறவைக்காத மண்ணின் சிபிஆர் (சாலையின் அடிமண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் காட்டும் அளவு) மதிப்பே போதும் என்று ஒப்பந்தக்காரர் தரப்பில் விடாமல் வாதிட்டனர். சோதனைக்குழிக்குப் பக்கத்தில் இருந்த வெடிப்பில் நான் விட்ட எஃகு அளவுநாடா, எங்கும் தட்டாமல் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கியது. அதே மண்ணை அச்சில் இறுக்கி 4 நாள் நீரில் ஊறவைத்தபோது, இரட்டை இலக்கத்தில் இருந்த மதிப்பு 2-க்கும் கீழே போய்விட்டது. அந்த வாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

துளைக்கருவி:
மாதிரிக் குழாயை அடித்து இறக்கி மண்ணின் உறுதியை அறியும் எஸ்பிடி சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் விழும்போது முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டருக்கான அடிகளை எண்ணுவது அனைவரும் அறிந்ததே. ஆற்றுச் சமவெளியில் உயர்மேடைச் சாலை ஒன்றுக்காகத் துளையிட்டபோது, 50 முறை அடித்தும் குழாய் அசையவில்லை என்பதால் பதிவேட்டில் ‘பாறை’ என்று எழுதிவிட்டார்கள். மேலே இழுத்த குழாயின் வாய் ஒரு பக்கம் மட்டும் மடங்கியிருந்தது எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. சற்றுத் தள்ளி மீண்டும் துளையிட்டதில், அதே ஆழத்தில் சுத்தியலைத் தூக்கும் முன்பே கம்பி தன் எடையாலேயே களிமண்ணுக்குள் இறங்கியது. முதலில் தட்டியது தனியாகக் கிடந்த ஓர் உருண்டைக்கல்.

ஆய்வகவாசி:
முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. மழை குறைந்து, நீர்மட்டம் ஆழத்தில் உள்ள பகுதியில் 4 நாள் ஊறவைத்த மதிப்பைக் கொண்டு வடிவமைப்பது, தேவையற்ற தடிமனுக்குப் பணத்தைக் கொட்டுவதாகும். சாலையின் அடிமண் உண்மையில் எட்டக்கூடிய ஈரப்பதத்திலேயே சோதிக்க வேண்டும். அதை அறியக் குழியின் சுவரைப் பாருங்கள். எலும்பாகக் காய்ந்திருந்த ஒரு குழியில் துருச்சிவப்பும் சாம்பலும் கலந்த திட்டுகளைக் கண்டேன். அறிக்கையிலோ ‘நீர் தென்படவில்லை’ என்றிருந்தது. மழைக்காலத்தில் சரியாக அந்தத் திட்டுகளின் மட்டத்தில் நீர் நின்றது. ஆகவே அருகிலுள்ள கிணறுகளின் மழைக்கால நீர்மட்டத்தைக் கேட்டறியுங்கள். மண் மாறும் இடங்களிலும், நிலத்தை வெட்டிய பகுதியிலிருந்து மண் கொட்டி உயர்த்திய பகுதிக்கு மாறும் இடங்களிலும் கூடுதல் குழி தோண்டுங்கள். ஈரப்பத மாதிரியைக் காற்றுப் புகாமல் உடனே கட்டுங்கள். சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்த எண்ணினால், அதற்கு முன் சல்பேட் அளவைச் சோதியுங்கள். சல்பேட் மிகுந்த களிமண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் எட்ரிங்கைட் படிகங்கள் வளர்ந்து தளத்தையே மேலே தூக்கிவிடும். இவற்றை யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்; ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தளப்பொறியாளர்:
நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருந்தால் என்ன? கரிசலில் நீர் கீழிருந்து ஏற வேண்டியதில்லை. சாலையோரம் வெடித்த வாய்கள் வழியாக மழைநீர் நேரே அடிமண்ணுக்குள் போய்விடும். பக்கவாய்க்கால் என்றென்றும் அடைபடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். நானும் ஊறவைக்காத மதிப்பையே எடுத்துக்கொள்கிறேன்.